கட்டுச்சோறு கட்டிய பயணங்கள்

விடுமுறைக்குக் குடும்பத்தோடு மலைக்காட்டுக்கும் கடற்கரைக்கும் போய்வருவது வெள்ளைக்காரர்கள் நமக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம் என்று பலரும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்குச் சான்றுகளும் இருக்கின்றன. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரி ஏறிய பிறகுதான் உதகை கோடை வாசத்தலமாக வளர்ந்தது. 1845இல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் குடியேறினார்கள். மெரினாவில் மாலை உலாவுக்கென்று நடைபாதை அமைத்தவர் 1881 முதல் 1886 வரை சென்னை ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப். இவற்றை அடுக்கிப் பார்த்தால், காட்டையும் கடலையும் ரசிக்கும் கண்ணே நமக்கு 19ஆம் நூற்றாண்டில்தான் திறந்தது என்று தோன்றும். ஆனால் திருத்தணி, சோளிங்கர், கே.ஜி.கண்டிகை வட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடும் வேன்களைக் கவனித்தால் வேறொரு வரலாறு தெரியும். அந்த வேனில் பாட்டி இருக்கிறார், கைக்குழந்தை இருக்கிறது, தாய்மாமன் இருக்கிறார், தூக்குவாளியில் புளிச்சோறு இருக்கிறது. வெள்ளைக்காரர் உதகைக்குப் போன பயணத்தில் இந்த நான்குக்கும் இடமில்லை. தமிழ்க் குடும்பப் பயணம் நம் வேண்டுதல் மரபிலிருந்து முளைத்தது, ஆங்கிலேயருக்குப் பல நூற்றாண்டு மூத்தது, இன்றைக்கும் அதன் எலும்புக்கூடு மாறவில்லை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

பழைய சான்றிலிருந்து தொடங்கலாம். சங்கத் தொகை நூல்களில் ஒன்றான பரிபாடலின் 19ஆம் பாடல் நப்பண்ணனார் பாடியது. மதுரை மக்கள் திருப்பரங்குன்றத்துக்குப் போய்வருவதுதான் அதன் பொருள். பாண்டியன் தன் தேவியரோடும் சுற்றத்தோடும் மலையை வலம் வருகிறான், ஊர் மக்கள் திரளாகப் பின்னால் போகிறார்கள். அங்கே அவர்கள் சாமி கும்பிடுவதோடு நிற்கவில்லை. சிலர் குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுக்கிறார்கள், சிலர் கருமுக மந்திகளுக்குக் கரும்பு நீட்டுகிறார்கள். ஓவியங்கள் தீட்டிய மண்டபத்தில் ஒரு கூட்டம் நிற்கிறது. இது யார், அது யார் என்று கேட்பவர்கள் கேட்க, இவன் காமன், இவள் ரதி, பூனையாக ஓடுபவன் இந்திரன், அதோ அகலிகை என்று தெரிந்தவர்கள் விளக்குகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சிறுமி வருகிறாள். பாறைகளுக்கு நடுவே புகுந்தவள் வந்த வழியை மறந்து, சுற்றத்தாரைப் பிரிந்து, ஏ, ஓ என்று கூவுகிறாள். குகை அந்தக் குரலைத் திருப்பி அனுப்ப, சொந்தக்காரர்கள்தான் கூப்பிடுகிறார்கள் என்று நம்பி ஒலி வந்த பக்கமே போகிறாள். யாரையும் காணாமல் திரும்பி மறுபடியும் கூவுகிறாள். கூட்டத்தில் குழந்தையைத் தொலைக்கும் பதற்றம் குடும்பமாகப் போகிறவர்களுக்கு மட்டுமே உரியது. அரசன் பவனியையும் முருகன் புகழையும் பாட வந்த புலவர் இதையும் கண்டு எழுதியிருக்கிறார் என்றால், குழந்தை குட்டிகளோடு மலைக்குப் போய்ப் பார்ப்பது அப்போதே பழகிப்போன காட்சியாக இருந்திருக்க வேண்டும்.

கடலுக்கும் இதே கதைதான். சிலப்பதிகாரத்தில் இந்திர விழா முடிந்ததும் கோவலனும் மாதவியும் கடலாட்டைக் காணப் புகார்க் கடற்கரைக்குப் போகிறார்கள். விடியுமுன் அந்தக் கரையில் எரியும் விளக்குகளை இளங்கோவடிகள் ஒவ்வொன்றாகச் சொல்கிறார்: பூவும் சாந்தும் விற்பவர் விளக்கு, மோதகம் விற்பவர் விளக்கு, அப்பம் சுடுபவர் விளக்கு, கள் விற்கும் பெண்களின் விளக்கு, மீன் விற்பவர் விளக்கு, கப்பல்களுக்கு வழிகாட்டும் கலங்கரை விளக்கு. இத்தனை தின்பண்டக் கடைகள் நிற்க வேண்டுமென்றால் வாங்கித் தின்னக் கூட்டம் வந்தாக வேண்டும். ஞானசம்பந்தர் மயிலாப்பூரில் பாடிய பூம்பாவைப் பதிகம் அவ்வூரின் மாதத் திருவிழாக்களை வரிசைப்படுத்தும்போது மாசிக் கடலாட்டையும் சேர்க்கிறது. 7ஆம் நூற்றாண்டுச் செய்தி அது. ஆக, மெரினாவுக்கு நடைபாதை வருவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, அதன் பக்கத்திலேயே, மயிலாப்பூர்க்காரர்கள் ஆண்டுதோறும் திரளாகக் கடலுக்குப் போயிருக்கிறார்கள். கிராண்ட் டஃப் கட்டியது நடைபாதைதான். கடலைத் தேடிப் போகும் ஆசையை அவர் உண்டாக்கவில்லை.

இந்தப் பழக்கம் ஏன் குடும்பப் பழக்கமாக உறைந்தது என்பதற்கான விடை திருத்தணி போன்ற ஊர்களில் இருக்கிறது. சூரனோடு போர் முடித்த முருகன் சினம் தணிந்து அமர்ந்த மலை என்றும் வள்ளியை மணந்த தலம் என்றும் தணிகை கொண்டாடப்படுகிறது. அங்கே போகிற குடும்பத்தின் வேண்டுதல்களைப் பாருங்கள். பிள்ளைக்கு முதல் மொட்டை, காது குத்து, கல்யாணம் கூடினால் காவடி, நோய் தீர்ந்தால் படியேற்றம். இவற்றில் எதையும் தனியாள் நிறைவேற்ற முடியாது. காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். மாமன் சீர் கொண்டுவர வேண்டும். அத்தை வர வேண்டும், பாட்டி பார்க்க வேண்டும். அப்பா வழியும் அம்மா வழியும் ஒரே வண்டியில் ஏறினால்தான் சடங்கே நடக்கும். எனவே குடும்பமாகப் போவது இங்கே கட்டாயம், சடங்கின் இலக்கணத்திலேயே எழுதப்பட்ட கட்டாயம். ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடிகள் மலையேறும்போதும், சரவணப் பொய்கையில் தெப்பம் சுற்றும்போதும் கூடும் கூட்டத்தில் தனியாக வந்தவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மேற்கே சோளிங்கரில் 1,305 படி ஏறினால் யோக நரசிம்மர், இந்தப் பக்கம் 365 படி ஏறினால் முருகன். இரண்டுக்கும் நடுவே சாலையோரம் இருக்கும் கே.ஜி.கண்டிகை போன்ற ஊர்களுக்கு மலை என்பது என்றோ ஒரு நாள் போய்ப் பார்க்கும் அதிசயம் இல்லை. பிறந்த பிள்ளைக்கு முடியிறக்கும் வயதிலேயே அறிமுகமாகிவிடும் உறவு அது.

இதற்கு முதல் மறுப்பு உடனே எழும். புண்ணியத்துக்குப் போவது வேறு, பொழுதுபோக்குக்குப் போவது வேறு. அலகு குத்தியும் விரதம் இருந்தும் உடலை வருத்திப் போகிறவர்களை உல்லாசப் பயணிகளோடு சேர்ப்பது நியாயமா? மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது. வேண்டுதல் இல்லாமல் இந்தக் குடும்பங்கள் கிளம்பியிருக்கமாட்டா. ஆனால் வேண்டுதல் என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். வயல் வேலை, மாடு கன்று, மாமியார் கட்டுப்பாடு என்று நாள் முழுதும் வீட்டோடு கட்டுண்ட ஒரு மருமகள் காடு மேடு பார்த்துவர ஆசைப்படுகிறேன் என்று சொல்லியிருந்தால் எந்த வீடும் வண்டி கட்டியிருக்காது. சாமிக்கு நேர்ந்துகொண்டேன் என்றால் மறுபேச்சு கிடையாது, ஏனென்றால் நேர்த்திக்கடனைத் தள்ளிப்போட்டால் குற்றம். பெண்களுக்கும் முதியவர்களுக்கும் வீட்டு வாசலைத் திறந்துவிட்ட அனுமதிச் சீட்டு அதுதான். வெளியே வந்த பிறகு கும்பிட்ட நேரம் கொஞ்சம். ஆற்றங்கரையில் அடுப்பு மூட்டியதும், திருவிழாக் கடையில் வளையல் வாங்கியதும், மண்டபத்தில் படுத்து விடியவிடியக் கதை பேசியதுமே மிச்ச நேரம். பரிபாடலில் குரங்குக்குப் பண்டம் கொடுத்தவர்களும் பக்தர்கள்தான். பக்தியும் களிப்பும் ஒன்றையொன்று துரத்தும் என்ற எண்ணம் நம் திருவிழாக்களைப் பார்த்தவர்களுக்கு வராது.

இது தமிழ்நாட்டுக்கு மட்டுமான விசித்திரமும் இல்லை. ஜப்பானின் நான்கு பெரிய தீவுகளில் சிறியதான ஷிகோகுவில் 88 கோயில்களைச் சுற்றிவரும் நடைப்பயணம் ஒன்று உண்டு. 774இல் அந்தத் தீவில் பிறந்த கூக்காய் என்ற பௌத்தத் துறவியின் நினைவாக நடப்பது. ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் வழியில் அடர்ந்த மலைக்காடும் வரும், பசிபிக் அலை மோதும் முரோட்டோ முனையும் வரும். எடோ காலத்து ஜப்பானில் சாமானியர்கள் நினைத்தபடி ஊர் விட்டு ஊர் போக முடியாது, கோயில் பயணம் என்றால் அனுமதி கிடைக்கும். 1687இல் ஷின்னென் என்ற துறவி எழுதிய வழிகாட்டி நூல் பரவிய பிறகு சாதாரண மக்கள் பெருமளவில் கிளம்பினார்கள். வழியில் இருக்கும் ஊர்க்காரர்கள் நடப்பவர்களுக்குச் சோறும் தங்க இடமும் கொடுப்பதைக் கடமையாக வைத்திருந்தார்கள். நம் ஊர்த் தண்ணீர்ப்பந்தலையும் அன்னதானத்தையும் அறிந்தவர்களுக்கு இது அந்நியமாகப் படாது. இன்றைக்குக் குழந்தைகளோடு அந்தத் தீவின் காட்டையும் கரையையும் பார்க்கப் போகும் ஜப்பானியக் குடும்பங்கள் பல இடங்களில் அந்தப் பழைய யாத்திரைத் தடத்தைத்தான் மிதிக்கின்றன.

இரண்டாவது மறுப்பு ரயிலைப் பற்றியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அரக்கோணம் அந்தப் பாதையில்தான் இருக்கிறது. பிறகு அங்கிருந்து ரேணிகுண்டா நோக்கிப் பிரிந்த பாதை திருத்தணியைத் தொட்டது. 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் ராமேஸ்வரத் தீவுக்கே ரயில் போனது. குடும்பங்கள் தொலைதூரம் போகத் தொடங்கியது ரயிலுக்குப் பிறகுதானே என்று கேட்கலாம். கூட்டம் பெருகியதற்கு ரயில் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் ரயிலுக்கு முன்பே தடம் இருந்தது. 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலைகள் நெடுகக் கட்டிய சத்திரங்களும், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை சரபோஜி மன்னர் ஒரத்தநாட்டில் எழுப்பிய முத்தாம்பாள் சத்திரமும் யாருக்காக? வழிப்போக்கர் வராத பாதையில் யாரும் சத்திரம் கட்டுவதில்லை. சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி 1830 மே மாதம் குடும்பத்துப் பெண்களையும் வேலையாட்களையும் சேர்த்து ஏறத்தாழ நூறு பேரோடு காசிக்குக் கிளம்பி, 1831 செப்டம்பரில்தான் ஊர் திரும்பினார். 1838இல் அச்சான அவருடைய தெலுங்கு நூலில் வழியெங்கும் கண்ட காடு, ஆறு, தண்ணீர், சத்திரம், விலைவாசி எல்லாம் பதிவாகியிருக்கின்றன. ரயில் வந்தபோது ஏறி உட்கார ஆட்கள் ஏற்கெனவே மூட்டை கட்டித் தயாராக இருந்தார்கள்.

ஆங்கிலேய நாட்காட்டியே இந்த மரபுக்குள் வந்து கரைந்த கதை திருத்தணியில் உண்டு. ஜனவரி முதல் நாள் வெள்ளைக்காரத் துரைகளை மாலையும் எலுமிச்சம்பழமுமாகப் போய்ப் பார்ப்பது அன்றைய அலுவலர்களின் வழக்கம். வள்ளிமலை சுவாமிகள் என்று அறியப்பட்ட சச்சிதானந்த சுவாமிகள் 1918ஆம் ஆண்டுப் புத்தாண்டை ஒட்டி, துரைகளுக்கெல்லாம் பெரிய துரையான தணிகை முருகனைப் பார்க்க வாருங்கள் என்று அன்பர்களைத் திரட்டினார். 365 படிகளிலும் கர்ப்பூரம் ஏற்றி, திருப்புகழ் பாடி ஏறும் படித் திருவிழா அப்படித் தொடங்கியது. டிசம்பர் 31 இரவு இன்றைக்கும் குடும்பம் குடும்பமாக மக்கள் படியேறுகிறார்கள். புதிய வசதியும் புதிய விடுமுறையும் வந்தபோதெல்லாம் பழைய மரபு அவற்றை எடுத்துத் தன் உடம்பில் சேர்த்துக்கொண்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1960 ஏப்ரல் முதல் நாள், ம.பொ.சிவஞானம் முதலானோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாகத் திருத்தணி ஆந்திரத்திலிருந்து தமிழகத்துக்கு வந்தது, திருப்பதி அந்தப் பக்கமே நின்றது. ஆயினும் இரண்டு மலைகளையும் ஒரே பயணத்தில் பார்த்துத் திரும்பும் குடும்பங்களின் வழி மாறவில்லை. ஆடிக் கிருத்திகைக்குத் தெலுங்கு பேசும் காவடிகள் வருவதும் நிற்கவில்லை.

மூன்றாவது மறுப்புதான் கனமானது, நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டியது. எந்தக் குடும்பங்களின் பயணம் இது? சத்திரங்களில் சாதிக்கொரு பந்தி நடந்தது. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்ததே 1939 ஜூலை 8 அன்று, வைத்தியநாத ஐயர் தலைமையில். மாகாணம் முழுவதற்கும் சட்டம் வந்தது 1947இல். கோயில் கதவு அடைத்திருந்த காலத்தில் கோயிலை மையமாக வைத்த பயணத்தைத் தமிழர் எல்லாருக்கும் பொதுவான மரபு என்று சொல்வது பொய்யாகும். இதை மறுக்க வழியில்லை, மறுக்கவும் கூடாது. ஆனால் கதவு அடைபட்டவர்கள் வீட்டோடு இருந்துவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு முழுமையாகும். அவர்கள் கதவே இல்லாத இடங்களுக்குப் போனார்கள். ஆற்றங்கரைக்கு, காட்டுக் கன்னிமார் கோயிலுக்கு, கடலுக்குப் போனார்கள். அவற்றில் மிகப் பெரியது இருளர்களின் மாசி மகப் பயணம்.

திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, விழுப்புரம் மாவட்டங்களில் ஏரிக்கரைகளிலும் காட்டோரங்களிலும் வாழும் இருளர் குடும்பங்கள் மாசி மகத்துக்குச் சில நாள் முன்னதாகவே மாமல்லபுரம் கடற்கரைக்கு வந்துவிடுகின்றன. கழி நட்டு, சேலையையும் தார்ப்பாயையும் கட்டி மணலில் குடில் போடுகிறார்கள். அடுப்பு மூட்டுகிறார்கள், உறவுகள் பேசித் தீர்க்கின்றன. கோபித்துக்கொண்டு கடலுக்குப் போய்விட்ட கன்னியம்மனைச் சமாதானம் சொல்லி வீட்டுக்கு அழைத்துப்போக வந்திருப்பதாக அவர்கள் சொல்கிறார்கள். மகத்தன்று விடியுமுன் அலையோரம் ஈர மணலைக் குவித்து ஏழு படி அமைத்து, பூ, பழம், தேங்காய் வைத்துக் கும்பிடுகிறார்கள். சிலர்மீது அம்மன் இறங்கி வாக்குச் சொல்கிறாள். குழந்தைகளுக்கு அங்கேயே மொட்டை, அங்கேயே காது குத்து. பெண் பார்ப்பதும் நிச்சயம் செய்வதும் தாலி கட்டுவதும் அதே மணலில்தான். தணிகை மலையில் சாதிக் குடும்பங்கள் எதையெல்லாம் செய்தனவோ அதையெல்லாம் அர்ச்சகரும் கோபுரமும் இல்லாமல் இவர்கள் கடற்கரையில் செய்கிறார்கள். கோயில் நம் பயணத்தின் மூலகாரணம் இல்லை, உறவு கூடுவதும் நேர்த்தி தீர்ப்பதும்தான் மூலகாரணம் என்பதற்கு இருளர்களின் மாசி மகமே வலுவான சாட்சி. காட்டில் வாழ்கிறவர்கள் குடும்பத்தோடு கடல் பார்க்க வரும் இந்தப் பயணத்தை எந்த ஆங்கிலேயரும் கற்றுத்தரவில்லை.

காடும் கடலும் ஒரே தடத்தில் சேரும் தமிழ்ப் பயணத்தை இலங்கைத் தீவில் பார்க்கலாம். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் போகும் பாதயாத்திரை கிழக்குக் கரையோரமாக முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில் என்று இறங்கி, உகந்தை மலை முருகனை வணங்கி, குமண, யால காடுகளுக்குள் நுழைகிறது. யானையும் கரடியும் திரியும் அந்தக் காட்டில் பாட்டிகளும் சிறுவர்களும் சமையல் பாத்திரங்களோடு நடக்கிறார்கள். ஆற்றங்கரைகளில் தங்கிச் சமைக்கிறார்கள். வாந்திபேதி பரவும் என்ற அச்சத்தில் பிரிட்டிஷ் அரசு கதிர்காமக் கூட்டத்துக்குக் கட்டுப்பாடுகள் விதித்தது. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் அதிகாரியாக இருந்த லெனார்டு வுல்ஃப் அந்தத் திருவிழாவை மேற்பார்வை செய்து குறிப்புகள் எழுதினார். 1983க்குப் பிறகு போர் வழியை அடைத்தது. தடை விலகிய ஒவ்வொரு முறையும் மக்கள் திரும்ப நடந்தார்கள். அரசு வளர்த்த பழக்கமாக இருந்திருந்தால் அரசு தடுத்தபோதே அழிந்திருக்கும்.

இதை நிறுவுவதால் இன்றைக்கு என்ன பயன்? பயன் இருக்கிறது, அது நிலத்தைப் பற்றியது. குடும்பப் பயணம் மேற்கிலிருந்து இறக்குமதியானது என்று நினைக்கும் நிர்வாகம் முதலில் கட்டுவது விடுதியும் வாகன நிறுத்தமும் கட்டண வாயிலும்தான். அது வேண்டுதலிலிருந்து பிறந்தது என்று அறிந்த நிர்வாகம் குடிதண்ணீர், கழிப்பறை, பெண்கள் உடை மாற்ற மறைவிடம், கூட்டமாகப் படுக்க மண்டபம், அடுப்பு மூட்ட இடம் என்று தொடங்கும். இருளர் குடும்பங்களுக்கு மாமல்லபுரத்தில் தேவைப்படுவது ஆண்டில் சில நாட்கள் குடில் போட வெற்று மணல் மட்டுமே. 1972இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு தோலுக்காகப் பாம்பு பிடித்த அவர்களுடைய பழைய தொழில் நின்றது, காட்டுக்குள் அவர்கள் போய்வந்த உரிமையும் சுருங்கியது. கடற்கரையும் தனியார் வேலிக்குள் போனால் கன்னியம்மனை எங்கே போய் அழைப்பார்கள்? மலைப்படியும் பொய்கையும் ஆற்றங்கரையும் கடல் மணலும் எல்லாருக்கும் பொதுவாகக் கிடந்ததால்தான் காசில்லாத குடும்பமும் இத்தனை நூற்றாண்டுகள் பிள்ளைகளோடு காட்டையும் கடலையும் கண்டு வந்தது. சுற்றுலா வளர்ச்சி என்று எதைத் திட்டமிட்டாலும், கட்டுச்சோற்றோடு வரும் குடும்பத்தைத்தான் முதல் பயணியாகக் கணக்கில் எடுக்க வேண்டும். அந்தக் குடும்பம்தான் இந்த வழிகளையெல்லாம் உண்டாக்கியது. அதற்கு இடமில்லாத திட்டம் எவ்வளவு வருமானம் ஈட்டினாலும் நாம் ஏற்கத் தகாதது.